ஓடும் ஊனும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

“நெய்தல் நிலமும் நம் பெருமையும்” என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இப்பொருள்பற்றி இம்மேடையில் முன்னரும் பலர் பேசியுள்ளனர். அவருட் பெரும்பாலார் முத்தைப் பற்றியே பேசினர். அது முறையே. யானும் முத்தினின்றே தொடங்குவேன். ஆனால் முத்தோடு நில்லேன். முத்தை ஈன்ற சிப்பியினுள்ளே ஓர் ஊன் உண்டு. வெண்சங்கின் ஓட்டினுள்ளேயும் ஓர் ஊன் உண்டு. முத்தையும் ஓட்டையும் போற்றிய நாம் அவ்வூனை மறந்தோம். மறந்ததோடு அமையாது, அதனை வாய்விட்டுச் சொல்லவும் நாணத் தொடங்கினோம். அந்நாணம் நமக்குத் தகாதென்பதும், அதனை ஒழித்தால் நம் மக்களுக்கு ஒரு பிழைப்பும் உண்டென்பதுமே யான் இன்று கூற வந்தவை.

நம் முன்னோர் முத்துக் குளித்த செய்தி இன்று நேற்றுத் தோன்றியதன்று. கொற்கைத் துறையும் அதன் முத்தும் அங்கு வாழ்ந்த பரதவரும் சங்கச் செய்யுட்களிற் பல இடத்தும் பேசப்படுகின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் கடற்செலவு நூலும் அத்துறையின் முத்துக் குளிப்பைக் குறிக்கின்றது. குளிப்போர் குற்றத்துக்குத் தண்டனை பெற்றோர் என்றும் அந்நூலார் எழுதிவைத்தார். கரையில் நின்று கண்டவர்க்கு, மூச்சடக்கிக் கடலடியில் இறங்குவது தண்டனையாகவே தோன்றியது போலும்! பின்னர்த் தாமிரபருணி கொணர்ந்த வண்டலாற் கடல் விலக, கொற்கை வயல் சூழ்ந்த சிற்றூராயிற்று. துறை காயலுக்குப் பெயர்ந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இக்கரையின் முத்துக் குளிப்பை விரித்தெழுதினார். அதன்பின் தூத்துக்குடி எழுந்தது. பாண்டியர் போயினர், போர்ச்சுகீசியர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். ஆள்வோர் மாறினரேயன்றி மூழ்குவோர் மாறினாரல்லர்.

ஆங்கிலேயர் காலத்து முறையைச் சிறிது நோக்குவோம். ‘பார்’ என நாம் வழங்கும் கடலடித் திட்டுகளிற் சிப்பி முதிர்ந்துளதா என ஆராய்ந்து அரசாங்கத்தார் நாட்குறிப்பர். குளிப்பவர் காலிற் கல்லைப் பற்றிக்கொண்டு ஐந்து முதற் பத்துப் பாக ஆழம் வரை இறங்கி, ஒரு நிமிட அளவிற் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையிற் சேர்த்து மேலெழுவர். கரையிற் பங்கீடு நிகழும். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒரு பங்கு குளித்தவர்க்கு. அரசாங்கத்தின் பங்கு ஏலத்திற் போகும். ஏலமெடுத்தோர் சிப்பிகளை வேலியடைத்த கொட்டில்களிற் குவித்து அழுகவிடுவர். ஈ மொய்த்துப் புழு அரித்து ஊன் முற்றும் கரைந்தபின், நீரிற் கழுவி, அடியிற் படிந்த முத்தைப் பொறுக்குவர். ஆகவே, ஒரு முத்து ஒளி பெறுதற்குப் பல்லாயிரம் சிப்பிகளின் ஊன் வீணே அழுகியது. அந்நாற்றம் கரைக்கு, முத்தின் ஒளி தொலைவிலிருந்தார் கழுத்துக்கு.

அத்தொழிலும் இன்று இல்லை. 1955 முதல் 1961 வரை முத்துக் குளிப்பு நிகழ்ந்தது, அதன்பின் பார்கள் தளர்ந்தன, குளிப்பு நின்றது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973 ஆம் ஆண்டில் இத்தூத்துக்குடியிலேயே சிப்பியினுள் கருமணி பொருத்தி உருண்டை முத்து விளைவித்துக் காட்டினர். அஃது அறிவியலின் வெற்றி, நாம் மகிழத்தக்கது. ஆயினும் அம்முயற்சி நம் மக்கட்கு வாழ்தொழிலாக வளரவில்லை. எனவே முத்து இன்று நமக்கு நினைவுப் பொருளே. நம் வீட்டுப் பெட்டிகளில் எத்தனை முத்துகள் உள என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே வினவிக்கொள்க.

இனிச் சங்கின் செய்தி. ஜேம்ஸ் ஹார்னல் என்னும் ஆங்கிலேய அறிஞர் நம் கடலின் சங்கைப் பற்றி 1914 ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே வெளியிட்டார். இக்கரையில் எடுத்த சங்கு வங்காள நாட்டுக்குச் சென்று, அங்கு மணமான மகளிர் அணியும் வெண்வளையாகின்றது. வலம்புரி கிடைப்பின் அதனைப் பெறுதற்குப் பெருஞ்செல்வரும் போட்டியிடுவர். சங்கின் ஓட்டைக் கோயிலில் ஊதுகின்றனர். பூசையில் வைத்து வணங்குகின்றனர். அவ்வோட்டினுள் இருந்த உயிரின் ஊனை மட்டும் எவரும் விலைக்கு வேண்டினாரல்லர். அது குளித்தவன் வீட்டுக்கு வந்தது. கடலுக்குட் போக இயலாத காற்று நாட்களில் அவன் பிள்ளைகள் உண்டு உயிர்வாழ்ந்தது அவ்வூனாலேதான்.

அதனைச் சமைக்கும் முறை எளிதன்று. சங்கை அவித்து, உள்ளிருக்கும் சதையைச் சுழற்றி இழுத்து, குடலை நீக்கி, உப்பிட்டுத் தேய்த்து வழுவழுப்புப் போகக் கழுவி, மெல்லிய துண்டங்களாக அரிந்து வெயிலிற் காயவைப்பர். காய்ந்தது பல நாட் கெடாது. வேண்டும்போது ஊறவைத்து, சின்ன வெங்காயமும் மிளகும் கூட்டி வறுப்பர். அரிவதில் தடிப்பு மிகின் மெல்ல இயலாது. காய்ச்சலிற் குறைவு நேரின் நாறும். மட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை உடனே அடுப்பில் ஏற்றார், உப்புநீரில் இட்டுவைப்பர். அது தானே வாய்திறந்து மணலைக் கக்கும். பிளந்த வாய் தட்டியும் மூடாததை எறிந்துவிடுக என்பது நம் தாய்மார் விதி. அது முன்னரே இறந்தது; இறந்த சிப்பி நஞ்சாகும். இவ்விதியை அவர் எந்நூலிற் கற்றனர்? பாட்டி சொல்லத் தாய் கற்றாள். தாய் சொல்ல மகள் கற்றாள். தெற்கே குமரிக் கரையில், குளச்சல் முதலிய ஊர்களிற் பாறையில் ஒட்டி வளரும் கருநிறச் சிப்பியை மூழ்கிப் பெயர்த்தெடுத்து, அவித்து, அதன் நாரை நீக்கி, தேங்காயும் மிளகும் சேர்த்து வறுத்து, மரவள்ளிக் கிழங்கோடு உண்கின்றனர். அங்குச் சிப்பி வந்தது என்றால் தெருவெல்லாம் மகிழ்ச்சி.

இவ்வுணவு குறித்து நாணுதற்கு நம் பழைய இலக்கியத்தில் ஏதேனும் இடமுண்டோ? இல்லை. உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் கூறுமிடத்து, அவர் கடலிறாவைச் சுட்டுத் தின்றதையும் வயலாமையைப் புழுக்கி உண்டதையும் ஒளிக்காது உரைக்கின்றார். நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குச் செல்லும் பாணனை நோக்கி, ஆங்குப் பரதவர் சுட்ட உலர்மீனைக் கொடுத்து விருந்தோம்புவர் என்கின்றார். கவனித்தீர்களா? வறியனாய் வந்த கலைஞனுக்கு நெய்தல் மக்கள் இட்ட விருந்து அவர்கள் தாமே உண்ட உணவு. அதனை இட அவரும் நாணவில்லை. பாடப் புலவரும் நாணவில்லை.

பிற்கால இலக்கணம் ஒன்று செய்தது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்தில் நெய்தலின் கருப்பொருள்களுள் உணவு எதுவெனின், மீனும் உப்பும் விற்றுப் பெற்றவை என்று காண்கிறோம். குறிஞ்சிக்குத் தினையும் முல்லைக்கு வரகும் கூறியவர், நெய்தலுக்கு மட்டும் விற்று வாங்கியதைக் கூறினார். கடலில் எடுத்துக் கரையில் ஆக்கி உண்டது பட்டியலில் இடம்பெறவில்லை. யான் இதனைப் பல்லாண்டு வகுப்பிற் பயிற்றி வருகின்றேன். ஒரு நாள் ஒரு மாணவன் இவ்விடையைப் பிழையற உரைத்தான். “நன்று; நேற்றிரவு உன் வீட்டில் என்ன உணவு?” என்று கேட்டேன். பக்கத்திலிருந்தோரை ஒருமுறை பார்த்துவிட்டுச் “சாம்பார், ஐயா” என்றான். அவன் தந்தை சங்கு குளிப்பவர். ஏட்டிலிருந்த விடையை உரக்கச் சொன்ன பிள்ளை வீட்டிலிருந்த விடையை விழுங்கிவிட்டான். அவனை யான் குறை கூறேன். அவனுக்கு அந்நாணத்தைக் கற்பித்தவர் யார் என்றே எண்ணினேன்.

நாமே கற்பித்தோம். இவ்வூரினின்று வெளியூர் செல்வோர் கையில் என்ன கொண்டு செல்கின்றனர்? மக்ரூன் கொண்டு செல்கின்றனர். முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரிப் பருப்பும் கூட்டிச் செய்த அவ்வினிப்பு நன்றே. யானும் விரும்பி உண்பவன்தான். போர்ச்சுகீசியர் தொடர்பால் வந்தது என்று அதனைப் பெருமையோடு சொல்கின்றோம். கடல் கடந்து வந்த பண்டத்தை விருந்தினர்க்கு நீட்டுகின்றோம். நம் கடலிலே பிறந்த உணவை அவர் வருமுன் அடுப்பினின்று இறக்கி மறைக்கின்றோம். மணவீட்டு விருந்தில் ஆட்டிறைச்சி உண்டு, கோழி உண்டு; சங்குச் சதை எங்கே? “அஃது ஏழைகளின் உணவு” என்பர். ஆம், ஏழைகளின் உணவே. நம் பாட்டனும் பூட்டனும் ஏழைகளே. அவரை உயிரோடு வைத்தது எதுவோ அதனை இழிவென்பது நன்றியுடையார் செயலாகுமோ? திருச்சபை தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கியது, கடலுணவை விலக்கவில்லை. அந்நாட்களில் நம் அடுக்களைகளைக் காத்ததும் இவ்வுணவே.

இதுகாறும் கூறியது மானத்தைப் பற்றியது. இனிக் கூறுவது வயிற்றைப் பற்றியது.

சிப்பியைக் கடலிலிருந்து எடுக்கலாம். வயலிற் பயிரிடுவது போலக் கழிமுகத்தில் வளர்க்கவும் செய்யலாம். இதன் முறையைச் சுருங்கக் கூறுவேன். உண்ணும் சிப்பி முட்டையினின்று வெளிப்பட்டதும் கண்ணுக்குத் தெரியாத சிறு குஞ்சாய் இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும். பின்னர் வன்மையான ஓரிடத்தைப் பற்றி, அங்கேயே தன் வாழ்நாள் முழுதும் இருக்கும். அது பற்றும் பருவம் அறிந்து, சுண்ணாம்பு பூசிய ஓடுகளையேனும் பழைய சிப்பி ஓடுகளைக் கோத்த சரங்களையேனும் நீரில் இட்டால், குஞ்சுகள் வந்து ஒட்டும். அச்சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டு எடுப்பதே. எனவே செத்த ஓடே உயிருள்ள சிப்பிக்குத் தொட்டிலாகின்றது. ஆழமில்லாத கழியிற் கம்புகளை நட்டுப் பந்தலிட்டு, அச்சரங்களைத் தொங்கவிடுவர். தீனி இடவேண்டுவதில்லை, உரமும் இல்லை. நீரிலுள்ள நுண்ணிய பாசிகளை வடித்து உண்டு தானே கொழுக்கும். நீரின் தன்மைக்கேற்ப எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் அறுவடையாகும். எடுத்தபின் தூய கடல்நீரில் வைத்து அழுக்கைக் கழிக்கவிட்டு விற்பனைக்கு அனுப்பவேண்டும்.

இம்முறையை நம் நாட்டுக்கேற்ப ஆராய்ந்து வகுத்த இடம் எது? இத்தூத்துக்குடியே. 1970 களில், முன்னர்க் கூறிய ஆராய்ச்சி நிலையத்தார் நம் ஊர்க் கழியிலேயே ஓடு இட்டு, பந்தல் நட்டு, சிப்பி வளர்த்துக் காட்டினர். ஆனால் அது குடும்பங்களின் தொழிலாக வேரூன்றிய இடம் எது? கேரள நாட்டின் கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயல். 1990 களில் அங்குச் சென்ற இம்முறையை அந்நாட்டார் ஏற்றுக்கொண்டனர். அதே காலத்திற் காசர்கோட்டுப் பக்கத்துப் படன்னைக் கழியில் பெண்கள் குழுக்களாகக் கூடிக் கல்லுமக்காய் வளர்க்கத் தொடங்கினர். அஷ்டமுடியின் மட்டி எடுக்கும் தொழில், கடல்வளம் குன்றாது நடைபெறுவதென்று 2014 ஆம் ஆண்டில் உலகச் சான்று பெற்றது; இந்தியாவில் அச்சான்று பெற்ற முதல் மீன்தொழில் அதுவே. நாற்று இங்கே, விளைச்சல் அங்கே.

இதற்குக் காரணம் என்னை? அங்குள்ள காயல்களின் அகலம் ஒரு காரணம். அரசினரும் கூட்டுறவுகளும் செய்த உதவி ஒரு காரணம். ஆயினும் தலையாய காரணம் வேறொன்று என்பது என் துணிபு. மலையாள நாட்டின் வடபகுதியிற் கல்லுமக்காய் விருந்துணவு. அரிசிமாவை ஓட்டினுள் அடைத்து ஆவியில் அவித்துப் பின்னர்ப் பொரித்து, தலைச்சேரி முதலிய ஊர்களில் நோன்பு திறக்கும்போதும் மணவீட்டிலும் பரிமாறுகின்றனர். உண்பதில் அவர்க்கு நாணமில்லை. ஆதலின் வாங்குவோர் இருந்தனர். வாங்குவோர் இருந்தமையின் வளர்ப்போர் தோன்றினர். நாமோ வீட்டுக்குள் உண்பதை வெளியில் ஒளித்தோம். ஒளித்த பண்டத்துக்குச் சந்தை எங்ஙனம் எழும்? ஜப்பான் நாட்டு இரோசிமா நகரத்தை 1945 ஆம் ஆண்டின் அணுகுண்டால் உலகம் அறியும். ஜப்பானியர் அதனைச் சிப்பி விளையும் ஊர் எனவும் அறிவர். அந்நாட்டில் மிகுதியாகச் சிப்பி விளைவது அக்கடலிலேதான். அவ்வூர்க்குச் செல்வோர்க்கு முதலில் இடும் சிறப்புணவும் அதுவே.

ஒரு கடமையையும் மறைக்காது கூறவேண்டும். சிப்பி ஒரு நாளிற் பல குடம் நீரை வடிகட்டும் உயிர். நீரில் நன்மை இருப்பின் நன்மை அதன் ஊனிற் சேரும்; நஞ்சு இருப்பின் நஞ்சும் சேரும். 1997 ஆம் ஆண்டில் விழிஞ்ஞத்திற் கடற்சிப்பி உண்ட பலர் நோயுற்றனர். சிலர் உயிரும் நீத்தனர். கடலிற் சிலபோது பெருகும் ஒருவகை நுண்பாசியின் நஞ்சு அது. அடுப்பில் எவ்வளவு வேகவைப்பினும் அழியாது. இதற்கு நம் தாய்மாரின் விதிகள் போதா. நீரையும் ஊனையும் காலந்தோறும் ஆய்ந்து, உண்ணலாம் அல்லது உண்ணற்க என்று அறிவிக்கும் ஏற்பாடு வேண்டும். நகரத்துச் சாக்கடையும் ஆலைகளின் கழிவும் கலக்கும் கழியிற் சிப்பி வளர்த்தல் பிறர்க்கு நஞ்சிடுவதாகும். ஆதலாற் சிப்பி வளர்க்கப் புகுவோன் நீரைக் காக்கவும் புகவேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனை நமக்கு இட்ட வேலி என்றே பலர் குறைகூறுகின்றோம். கரையிலுள்ள கழிகளும் அவ்வண்ணம் தூய்மை பெறவேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையுண்டு. இதுவரை உரக்கக் கேட்டோமில்லை. கழியில் நம் பிள்ளைகளின் பந்தல் நிற்குமாயின் கேளாதிருக்க நம்மால் இயலுமோ?

இங்குச் சிலர், “பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கடலினின்று கரையேற்ற முயல்கின்றோம், நீர் மீண்டும் கழியில் இறக்குகின்றீரே” என வினவக்கூடும். பள்ளி ஆசிரியனாகிய யான் ஒருபோதும் படிப்பை விடச் சொல்லேன். இத்தொழிலே படிப்பை வேண்டுவது. நீரின் உப்பை அளக்கவும், குஞ்சு பற்றும் பருவத்தை அறியவும், ஆய்வு முடிவைப் படித்துணரவும் கல்வி வேண்டும். படித்த பிள்ளை அப்பன் தொழிலுக்கு வெட்கப்படாது அதனை மேம்படுத்துவானாயின், அதனினும் கல்விக்குப் பயன் யாது?

வேறு சிலர், இது நம் குலத்துக்கே உரிய பெருமையெனக் கொண்டு மகிழக்கூடும். அதுவும் முழுதும் மெய்யன்று. இக்கடலில் முத்துக் குளித்தோருள் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் சகோதரர்களும் இருந்தனர். குமரிக் கரையிற் சிப்பி எடுப்போருள் முக்குவப் பெருமக்கள் பலர். ஒரே மூச்சை அடக்கி ஒரே கடலில் மூழ்கியவர்கள் அவர்கள். நம் பெருமை அவர் பெருமையைக் குறைப்பதாக இருத்தலாகாது.

முடிவாக, சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: வரும் ஆண்டு விழா விருந்திற் சங்குச் சதையேனும் மட்டியேனும் ஒரு வகையாக இடம்பெறுக, அதனை நம் தாய்மாரே முன்னின்று ஆக்குக, வெளியூர் விருந்தினர் இலையிலும் இடுக. இரண்டு: இவ்வுணவு ஆக்கும் முறைகளையும், சிப்பி, மட்டி, சங்கு ஆகியவற்றின் வகைகட்கும் உறுப்புகட்கும் கருவிகட்கும் நம் ஊர்தோறும் வழங்கும் பெயர்களையும் முதியோரிடம் கேட்டெழுதி, மாதந்தோறும் நம் இதழில் வெளியிடுக. அகராதியில் ஏறாத சொற்கள் பல நம் பாட்டியரோடு மறைந்து வருகின்றன. எழுதும் பணிக்கு என் மாணவர்களும் யானும் ஆயத்தமாயிருக்கின்றோம். மூன்று: படித்த இளைஞர் பதின்மரையேனும் தேர்ந்து, ஆராய்ச்சி நிலையத்தாரிடம் சிப்பி வளர்க்கும் முறையைப் பயிலச் செய்க, எக்கழி தூயது என்பதை அவர்கள் துணையால் முதலில் ஆய்ந்தறிந்து, அதன்பின்னரே பந்தல் நடுக.

இவற்றுட் பொருட்செலவு மிகுதியும் வேண்டுவது மூன்றாவது ஒன்றே. முதலிரண்டுக்கும் மனமிருப்பின் போதும். அவற்றை இவ்வாண்டிலேயே தொடங்கலாம். செயற்குழுவினர் அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொண்டு முடிவு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் வல்ல இறைவன் நம் கடலையும் கடலை நம்பி வாழ்வோரையும் காத்தருள்வானாக.